வரிச் சட்டத்துக்கு ஒரு புகழ்மாலை

நம் நாட்டு வருமான வரிச் சட்டத்தைப்போல் நேரம் தவறாத ஒன்றை நான் கண்டதில்லை. மட்டக்களப்பில் மழை பிந்தும், வயலுக்கு உரம் பிந்தும், வாவியில் இறால் படும் காலம்கூடப் பிந்தும். சம்பளத்தில் பிடிக்கும் வரி மட்டும் ஒரு நாளும் பிந்தியதில்லை. 2023 ஜனவரி 1ஆம் திகதி புதிய வரி நடைமுறைக்கு வந்தது. அந்த மாதச் சம்பளத் துண்டிலேயே அது என்னைத் தேடி வந்துவிட்டது. சம்பளம் 150,000 ரூபா, வரி 3,500 ரூபா. நான் விண்ணப்பம் எழுதவில்லை, வரிசையில் நிற்கவில்லை, கிராம உத்தியோகத்தரிடம் கையொப்பம் வாங்கவில்லை. காசு கைக்கு வருமுன்பே கணக்கு முடிந்திருந்தது.

இந்த ஒழுங்கை நான் மனதாரப் புகழ்கிறேன். ஒரு காரியத்தை அரசு செய்ய வேண்டும் என்று நினைத்தால் எவ்வளவு சுத்தமாகச் செய்யும் என்பதை எனக்குக் காட்டித் தந்தது அந்தச் சம்பளத் துண்டுதான். ஆகவே பிள்ளைகளின் படிப்புக்கு அதே அரசு தர வேண்டியது பிந்தும்போது, இயலாமல் பிந்துகிறது என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

நான் ஒரு வங்கியில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறவன். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எங்கள் கிளை எழுவான்கரையில். வருகிறவர்களில் பாதிப் பேர் படுவான்கரைச் சனம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து பாதையில் ஏறித்தான் வருவார்கள். எங்கள் ஊரில் பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. வரி கட்டுவதில் எனக்கு மனக்குறை இல்லை. 2019 கடைசியில் வரிகளைத் தாராளமாகக் குறைத்தார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. குறைத்ததைத் திரும்பக் கூட்டாமல் ஆசுபத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் நடத்த முடியாது என்பது கணக்குப் பார்க்கிற எனக்குத் தெரியும். பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்பும் தாய் தகப்பனை அந்தச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன். பார்க்கும் விதத்திலும் அதற்குப் பல சிறப்புகள் உண்டு.

முதற் சிறப்பு அதன் உயரம். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், 2020 ஜனவரி முதல் செல்லுபடியாகும்படி ஒரு நிவாரணம் சேர்க்கப்பட்டது. மருத்துவச் செலவு, வீட்டுக் கடன் வட்டி முதலானவற்றோடு, ஒருவர் தனக்கோ தன் பிள்ளைகளுக்கோ உள்நாட்டில் செய்யும் கல்விச் செலவையும் வருடத்துக்கு 12 இலட்சம் ரூபா வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. மீதிக்குத்தான் வரி. தொழிற்கல்விச் செலவும் அதில் அடக்கம். அதை வாசித்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. பிள்ளையைப் படிப்பிக்கிறவர் நாட்டுக்கும் ஒரு வேலை செய்கிறார் என்று சட்டப் புத்தகம் ஒப்புக்கொண்டிருந்தது.

மகள் அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நீலக் கோவை வாங்கினேன். ரியூசன் காசு கட்டிய துண்டு, பரீட்சை வழிகாட்டிப் புத்தகம் வாங்கிய துண்டு, ஆங்கில வகுப்புத் துண்டு எல்லாவற்றையும் திகதி வாரியாகக் கோத்து வைத்தேன். வருடம் முடிய, கணக்காளரான நண்பர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கோவையைப் புரட்டிப் பார்த்தார்.

“அண்ணன், மாதச் சம்பளம் எவ்வளவு வருது?”

சொன்னேன்.

“அப்ப உங்களுக்கு வரியே இல்லையே. இல்லாத வரியில எதைக் கழிக்கிற?”

அந்த நாளில் வருடம் 30 இலட்சத்தைத் தாண்டினால்தான் வருமான வரி. மாதக் கணக்கில் 250,000 ரூபா. கல்வி நிவாரணம் அதற்கு மேலே உழைத்த காசில்தான் வேலை செய்யும். 12 இலட்சத்தையும் முழுதாகக் கழிக்க மாதம் 350,000 ரூபா உழைக்க வேண்டும். அன்றைய வரி 6, 12, 18 சதவீதம் என்று மூன்று படி. முதற் படியில் நின்றவருக்கு முழு நிவாரணத்தால் 72,000 ரூபா மிச்சம். உச்சிப் படியில் நின்றவருக்கு 216,000 ரூபா மிச்சம். எனக்கும், வாவியில் விடியப்புறம் அத்தாங்கு போடும் மனிசிக்கும், படுவான்கரையில் ஒரு போகம் விதைக்கும் மனிசனுக்கும் பூச்சியம். கூட இருக்கிறவருக்குக் கூடவும், குறைய இருக்கிறவருக்குக் குறையவும், இல்லாதவருக்கு இல்லாமலும் அளந்து கொடுத்த அந்தக் கணக்கில் ஒரு சதம் பிழையில்லை. கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் அதன் நேர்த்தியை நான் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது சிறப்பு அதன் ஒருமித்த செயல். 2022 டிசம்பரில் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. வருமான வரி தொடங்கும் எல்லை மாதம் 250,000 ரூபாவிலிருந்து 100,000 ரூபாவுக்கு இறங்கியது. கல்விச் செலவு நிவாரணம் 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு நின்றது. வரி எங்களிடம் இறங்கி வந்த அதே விடியலில் நிவாரணம் எழும்பிப் போயிருந்தது. இடையில் ஒரு மாதம்கூட இரண்டும் சேர்ந்து எங்கள் வீட்டில் இருக்கவில்லை. நீலக் கோவையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் நண்பரிடம் போனேன். “வரி வந்திட்டு அண்ணன், அந்த வரி போயிட்டு” என்றார். சட்டத்தில் நிவாரணம் எழுதியிருந்த வரியைச் சொன்னார்.

வரி வந்த அந்த வருடம்தான் மகள் மலைநாட்டில் உள்ள ஒரு கம்பஸுக்குப் போனாள். அறை வாடகை மாதம் 8,000 ரூபா. என் செலவில் ஒரு இலட்சம் ரூபாவை மட்டும் சட்டம் ஒப்புக்கொண்டிருந்தால் வருடத்துக்கு 12,000 ரூபா வரி குறைந்திருக்கும். ஒன்றரை மாத வாடகை. 2025 ஏப்ரல் முதல் வரி எல்லை மாதம் 150,000 ரூபாவாக உயர்ந்தது. அதே சம்பளத்துக்கு இப்போது வரியே இல்லை. அதற்கு நன்றி சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. ஆனால் அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டி உழைத்து, இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கும் தாதிக்கும் அதிபருக்கும், பிள்ளையே இல்லாத ஒருவருக்கும் வரி ஒன்றுதான். பிள்ளையின் பேரை எழுத அந்தப் படிவத்தில் ஓர் இடமில்லை.

சூரியனுக்கு இடம் இருக்கிறது. கூரையில் சூரியத் தகடு பூட்டி மின்சாரத்தைத் தேசிய வலையமைப்புக்குக் கொடுப்பவர், அதற்குச் செலவழித்ததில் வருடம் 6 இலட்சம் ரூபா வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. எண்ணெய் இறக்குமதிக்கு டொலர் இல்லாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கூரையின் மேலே உள்ள தகட்டிலிருந்து நாட்டுக்கு வெளிச்சம் வரும் என்பதைக் கண்ட சட்டம், அந்தக் கூரையின் கீழே இருந்து படிக்கும் பிள்ளையிடமிருந்தும் வரும் என்பதையும் காண வேண்டும்.

மூன்றாவது சிறப்பு சமத்துவம். இது பெறுமதி சேர் வரிக்கு உரிய புகழ். 2019 டிசம்பரில் அது 8 சதவீதம். 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி முதல் 18. அதே ஜனவரியில் டீசலுக்கும் பெற்றோலுக்கும் கைத்தொலைபேசிக்கும்கூட அது வந்தது. கடைக்கு வருகிறவரின் வருமானம் என்ன என்று அது கேட்பதில்லை. கொழும்பில் பெரிய வீட்டுப் பிள்ளைக்கு வாங்கும் தொலைபேசிக்கும் வவுணதீவில் தோணிக்காரரின் பிள்ளைக்கு வாங்கும் தொலைபேசிக்கும் நூற்றுக்குப் 18. ஒருவருக்கு அது ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு, மற்றவருக்கு ஒரு கிழமைப் பாடு. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்று.

“வரி கட்டாத சனம்” என்று சொல்வார்கள், காதால் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு சனம் இந்த வாவியைச் சுற்றி இல்லை. பிள்ளைக்கு ஒரு பேனை வாங்கினால் வரி. கம்பஸிலிருந்து பிள்ளை அம்மாவோடு பேசக் காசு போட்டால் வரி. அவள் ஏறும் பஸ்ஸின் டீசலில் வரி. இத்தனையும் கட்டியவர்களுக்குக் கையில் ஒரு பற்றுச்சீட்டு இல்லை, திணைக்களத்தில் ஒரு கோவை இல்லை. கோவை இல்லாதவருக்கு நிவாரணம் இல்லை.

2023 நடுப்பகுதியில் ஒரு நாள். அடகுப் பிரிவில் அன்று ஆள் குறைவு, நான் போய் இருந்தேன். மண்முனைப் பாலத்தால் பஸ்ஸில் வந்த ஓர் அம்மா, சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஒரு சங்கிலியை எடுத்து வைத்தார். கறுத்த, மெலிந்த கை. விரல் இடுக்கில் வலைக்கயிறு அறுத்த தழும்பு. சங்கிலியை உரைகல்லில் இழுத்தேன், மஞ்சள் கோடு பளிச்சென்று விழுந்தது. அமிலத் துளி விட்டேன், கோடு மங்கவில்லை. நல்ல தங்கம். தராசு 10 கிராம் காட்டியது, ஒன்றேகால் பவுன்.

“மகளுக்குப் பெலிஹுல்ஓயாவில கம்பஸ் கிடைச்சிருக்கு தம்பி,” என்றார். “சங்கிலிய அவளுக்கெண்டுதான் வச்சிருந்தன். படிப்பும் அவளுக்குத்தானே.”

மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் கொடுத்துக் கட்டிக்கொடுப்பது வழமை. மகள் பிறந்த நாளிலிருந்து தாய் கல்லாகவும் தங்கமாகவும் சேர்க்கத் தொடங்குவார். அந்த அம்மாவும் எங்கள் கிளையில் மகளின் பேரைச் சொல்லி ஒரு நிலையான வைப்பு வைத்திருந்தார். அது அதற்கு முந்தின மாதம் முதிர்ந்தது. வட்டி 30,000 ரூபா. 2023 ஜனவரி முதல் வட்டியில் 5 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். 1,500 ரூபாவைப் பிடித்து அனுப்பியவன் நானே. வருமான வரி எல்லைக்குக் கிட்டவும் போகாத அவர், வரிக் கோவை திறந்து எழுதிக் கேட்டிருந்தால் அதைத் திரும்பப் பெற்றிருக்கலாம். சட்டம் அந்தக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. 2025 ஏப்ரலில் அந்தப் பிடிப்பு 10 சதவீதமானது. வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர்கள் ஒரு படிவத்தில் அதை உறுதிப்படுத்திக் கொடுத்தால் பிடிக்காமல் விடலாம் என்ற நல்ல ஒழுங்கும் கூடவே வந்தது. அன்று அந்த ஒழுங்கு இல்லை.

சீட்டை எழுதி, காசை எண்ணிக் கொடுத்தேன். அவர் சீட்டை இரண்டாய் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, இந்தச் சீட்டக் கொண்டுபோய்க் காட்டினா, படிப்புச் செலவுதானே எண்டு எங்கயாவது ஏதும் குறைப்பாங்களா?”

இருபது வருட அனுபவம் உள்ள வங்கிக்காரன் நான். “இல்லை அம்மா” என்ற இரண்டு சொல்லைத் தவிர என்னிடம் ஒன்றுமிருக்கவில்லை.

நான்காவது சிறப்பு நினைவாற்றல். 2024 ஜனவரி முதல், 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் வரி செலுத்துநராகப் பதிந்து ஓர் அடையாள இலக்கம் பெற வேண்டும். அந்த அம்மாவின் மகளுக்கும் ஓர் இலக்கம், என் மகளுக்கும் ஓர் இலக்கம். உழைப்பே இல்லாத வயதில் பிள்ளைக்கு ஓர் இடத்தை எழுதி வைத்துவிட்டது நாடு. நாளைக்கு அவள் உழைக்கும்போது அந்த இலக்கம் தயாராக இருக்கும். உழைக்கிற ஆளாக அவளை ஆக்கும் அந்த நாலு வருடத்தில் தாய் படும் பாட்டை எழுத மட்டும் அந்த ஏட்டில் பக்கம் இல்லை. அறுவடைக்கு அரிவாளோடு வருகிறவர், விதைப்புக்கும் ஒருமுறை வயலுக்கு வர வேண்டும்.

வெளியே எங்கள் ஆட்கள் இருக்கும் நாடுகளைப் பார்க்கிறேன். கனடாவில் படிக்கும் பிள்ளை, கல்விக் கட்டணத்துக்காகத் தனக்குக் கிடைக்கும் வரிக் குறைப்பைத் தான் பயன்படுத்த முடியாவிட்டால், 5,000 டொலர் கட்டணத்துக்கு உரியதுவரை தாய்க்கோ தகப்பனுக்கோ மாற்றிக் கொடுக்கலாம். மலேசியாவில் 18 வயதைத் தாண்டிப் பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளைக்காகப் பெற்றோர் 8,000 ரிங்கிட் வரை வருமானத்தில் கழிக்கலாம். இந்தியாவில் பழைய வரி முறையில் இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணம் ஒன்றரை இலட்சம் ரூபாக் கழிவுக்குள் அடங்கும். அமெரிக்காவில் கல்லூரியின் முதல் நாலு வருடத்துக்குப் பிள்ளை ஒன்றுக்கு வருடம் 2,500 டொலர் வரை வரியிலிருந்தே நேராகக் குறையும். கட்ட வேண்டிய வரியே இல்லாத குடும்பத்துக்கும் அதில் 1,000 டொலர் வரை கையில் வரும்.

அந்தக் கடைசி ஏற்பாட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. வருமானத்தில் கழிப்பது, மேலே உழைக்கிறவருக்கு அதிகம் உதவும். வரியில் குறைப்பது எல்லோருக்கும் ஒரே அளவு உதவும். வரியே இல்லாதவருக்கும் கையில் கொடுப்பது, கடையில் வரி கட்டிக்கொண்டே இருக்கும் தோணிக்காரரையும் வரி கட்டுகிறவராக ஏற்றுக்கொள்வது.

“இங்கே கல்வி இலவசம்தானே, பிறகு என்ன நிவாரணம்?” என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். இலவசம்தான். 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த அந்த ஒழுங்குக்கு நான் கைகூப்புகிறேன். வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பிள்ளை விரிவுரையை மட்டும் சாப்பிட்டு வாழ முடியாது. அறை வாடகை, சாப்பாடு, பஸ், தொலைபேசி, மடிக்கணினி. இந்தச் செலவுக்குப் பற்றுச்சீட்டுக் கிடையாது. அறை வாடகைக்குத் தரும் வீட்டு அம்மா துண்டு எழுதிக் கொடுப்பதில்லை. இடியப்பப் பார்சலுக்கு யாரும் துண்டு கேட்பதில்லை. துண்டு வைத்துக் கேட்கும் நிவாரணம், கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கே முதலில் போய்ச் சேரும்.

வறிய பிள்ளைக்கென்று 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மஹாபொல புலமைப்பரிசில் இருக்கிறது, உதவிப்பணம் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும் உதவிப்பணம் 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்ந்தன. தேவையான உயர்வு. அது ஓர் அறையின் வாடகையில் பெரும்பகுதிக்குக் காணும். சாப்பாட்டுக்குச் சங்கிலி வேண்டும். அந்தத் தவணைகள் பிந்துவதும், அதைக் கேட்டு மாணவர் வீதிக்கு வருவதும் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. பிடிக்கும் கை மாதம் தவறாமல் நீள்கிறது. கொடுக்கும் கையும் அதே உடம்பில்தான் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது மூன்று. பல்கலைக்கழகத்திலோ அரச தொழிற்கல்வி நிலையத்திலோ படிக்கும் பிள்ளை ஒருவருக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகையைப் பெற்றோரின் வரியிலிருந்தே குறையுங்கள். அத்தாட்சிக்குப் பற்றுச்சீட்டு வேண்டாம், பிள்ளையின் பதிவு இலக்கம் போதும். வருமான வரி இல்லாத பெற்றோருக்கு அதே தொகையைத் தாயின் வங்கிக் கணக்கில் போடுங்கள். 1,500 ரூபாவைப் பிடிக்க அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர்களுக்கு, அனுப்பவும் அதைக் கண்டுபிடிக்க முடியும். மஹாபொலவுக்கும் உதவிப்பணத்துக்கும் மாதத்தில் ஒரு திகதி குறித்து, வரி பிடிக்கும் ஒழுங்கோடு அந்தத் திகதியைக் காப்பாற்றுங்கள். இதில் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நேரம் தவறாமை, கணக்கில் பிழையில்லாமை, எல்லோரையும் ஒன்றாகப் பார்த்தல், பிள்ளையின் பேரை மறக்காதிருத்தல் என்று மேலே நான் புகழ்ந்த குணங்கள் அத்தனையும் சட்டத்திடம் ஏற்கெனவே இருக்கின்றன. எடுக்கும் பக்கத்தில் இருப்பவற்றைக் கொடுக்கும் பக்கத்துக்கும் கொண்டுவந்தால் போதும்.

அந்த அம்மா வருடா வருடம் வட்டி கட்டிச் சீட்டைப் புதுப்பிக்க வருகிறார். சங்கிலி இன்னும் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. மகள் இப்போது மூன்றாம் வருடமாம். என்னிடம் கேட்ட கேள்வியை அவர் பிறகு கேட்கவில்லை. அடுத்த முறை அவர் வரும்போது நானாகவே அதை ஞாபகப்படுத்தி, “ஓம் அம்மா, குறைப்பாங்க” என்று சொல்லும்படி ஒரு வரியைச் சட்டத்தில் எழுதிவிடுங்கள். அன்றைக்கு இந்தப் புகழ்மாலையில் உள்ள ஒவ்வொரு சொல்லையும், ஒன்றும் மாற்றாமல், அதன் முகத்துக்கு நேரே நின்று நான் திரும்பவும் சொல்வேன்.